தர்மேந்திரனுக்கு மட்டும் பதில்

புந்தோங், ஈப்போ
12 அக்டோபர் 2022

அன்புத் தம்பி கோலினுக்கு,

அக்கா ஜெனட் எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க மாதாவிடம் வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். நாங்கள் இங்கே சுகம். மழைதான் விட்டபாடில்லை.

போனில் எல்லா வழியையும் அடைத்துவிட்டாய். குடும்பக் குரூப்பிலிருந்து போய்விட்டாய், எங்கள் எல்லாருடைய நம்பரையும் பிளாக் செய்துவிட்டாய். நல்லவேளை, போன கிறிஸ்மஸுக்கு உனக்குச் சட்டை அனுப்பியபோது குறித்துவைத்த ஆஸ்திரேலியா முகவரி என்னிடம் இருந்தது. தபால்காரரையும் நீ பிளாக் செய்ய முடியாதல்லவா?

நாடாளுமன்றத்தைக் கலைத்த அன்று சாயந்திரம் நான் அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். போன் விடாமல் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீயும் உன் மச்சான் பாஸ்கலும் ஆரம்பித்துவிட்டீர்கள் என்று தெரியும். நீங்கள் இருவரும் சண்டை போடுவது புதிதா என்ன? நான் மீனைத் திருப்பிப் போட்டேன். கையைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது.

கட்சி போடும் எலும்புக்கு வாலாட்டுகிறவர் என்று நீ அவரைச் சொல்லியிருந்தாய். "அம்மாவப் பொதைக்க வராதவன் நாட்டத் திருத்த வந்துட்டான்லா" என்று அவர் அடித்திருந்தார். அதற்குக் கீழே தைப்பிங் சித்தி மகள் பமேலா சிரிக்கிற பொம்மை ஒன்று போட்டிருந்தாள். அதற்கும் கீழே, நீ வெளியேறிவிட்டாய் என்று ஒரு வரி.

பாஸ்கல் அதைப் பிறகு அழித்துவிட்டார். அழித்து என்ன செய்ய? நீதான் படித்துவிட்டாயே.

அம்மா போய் ஐந்து மாதம்தான் ஆகிறது. நீ வரவில்லையே என்று நானும் அழுதேன். டிக்கெட் கிடைக்கவில்லை என்றாய், நம்பினேன். அதற்கு மேல் உன்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. இரண்டு வரி எழுதிப் போடு.

வாசல் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அக்கா ஜெனட்


புந்தோங்
19 அக்டோபர் 2022

தம்பி கோலினுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாமலே எழுதுகிறேன். டிவியில் உன் ஊரைக் காட்டினார்கள். ஷெப்பார்ட்டன் என்று எழுத்து ஓடியது. ஆறு உடைந்து கடைத்தெருவெல்லாம் தண்ணீர். கூரைமேல் நின்ற ஆட்களைப் படகில் இறக்கினார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அதற்குள் வேறு செய்திக்குப் போய்விட்டார்கள்.

பாஸ்கலும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "அவன் இருக்குற வீடு மேடா பள்ளமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மூன்று வருஷமாக நீ எப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறாய் என்பதே தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

உயிரோடு இருக்கிறேன் என்று யாரிடமாவது சொல்லி அனுப்பு. எங்களிடம் சொல்லப் பிடிக்காவிட்டால் வேறு யாரிடமாவது சொல்.

அக்கா


ஷெப்பார்ட்டன்
31 அக்டோபர் 2022

அன்புள்ள அக்காவுக்கு,

கோலின் எழுதிக்கொள்வது. நான் நலம். உன் இரண்டு கடிதமும் ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தன. எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. தண்ணீர் தெருமுனைவரை வந்து நின்றுவிட்டது. பழத்தோட்டத்தில் பேரிக்காய் மரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கின்றன. நெருக்கமாகப் பிடித்த காயைக் கிள்ளிக் கலைக்கிற வேலை தொடங்க வேண்டிய நேரம். மண் காயும்வரை யாருக்கும் வேலை இல்லை.

உன்மேல் கோபம் இல்லை. ஆனால் போனில் பேச இப்போதைக்கு என்னால் முடியாது. வற்புறுத்தாதே.

சும்மா உட்கார்ந்திருப்பதால் போனே கதி. 'ஆயர் தாவார் தோட்டத்துப் பிள்ளைகள்' ஃபேஸ்புக் பக்கம் உனக்குத் தெரியுமே, நம் பழைய தோட்டத்து ஆட்கள் நடத்துவது. தேர்தல் வந்ததும் அங்கேயும் அரசியல்தான். தர்மேந்திரன் என்று புதிதாக ஒரு ஆள் வந்திருக்கிறான். முகம் இல்லை, புரோட்டான் கார் படம்தான் வைத்திருக்கிறான். உன் புருஷன் பேசுகிற அதே பேச்சு. வெள்ளத்தில் அரிசி கொண்டுவந்தவன் எவனோ அவனுக்குத்தான் ஓட்டாம். அரிசி கொண்டுவந்தது அவன் கடமை, சாக்கடையை ஏன் வெட்டவில்லை என்று கேள் என்றேன். அடுத்த நாள் அதற்கும் ஒரு பதிலோடு வந்தான். ஒன்று சொல்ல வேண்டும், மரியாதை தெரிந்தவன். நான் எவ்வளவு கத்தினாலும் 'நீங்க' என்றுதான் எழுதுகிறான். அம்மாவை இழுக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். கிளினிக்கில் ரொம்ப நேரம் நிற்காதே.

தம்பி கோலின்


புந்தோங்
13 நவம்பர் 2022

என் தம்பிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் போன உயிர் வந்தது. அம்மாவைப் போலவே 'க'வுக்குக் கீழே வாலை நீட்டி எழுதுகிறாய். மருந்துக் கவுண்டரில் வைத்தே படித்தேன். ஒரு கிழவருக்கு இருமல் மருந்துக்குப் பதில் வயிற்று மருந்தைக் கொடுக்கப்போய், கூட வேலை செய்யும் புனிதாதான் பார்த்துத் தடுத்தாள்.

புந்தோங் முழுக்கக் கொடிகள். எந்தக் கம்பத்திலும் இடம் பாக்கியில்லை. மழையில் நனைந்து எல்லாக் கட்சியும் ஒரே நிறமாகத் தொங்குகிறது. உன் மச்சான் பள்ளி பஸ் ஓட்டி முடித்ததும் நேரே கட்சி ஆட்களோடு போய்விடுகிறார். சாப்பாட்டு நேரத்தில் முழுவதும் அதே பேச்சு. முன்பெல்லாம் காதை மூடிக்கொள்வேன். இப்போது, "அப்படின்னா சாக்கடைய ஏன் வெட்டல?" என்று நானே கேட்கிறேன். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அரை மணி நேரம் விளக்குகிறார். பெண்டாட்டிக்கு அரசியல் ஆர்வம் வந்துவிட்டது என்று ரொம்ப சந்தோஷம் அவருக்கு.

கல்லறைத் திருநாளன்று அம்மாவிடம் போனோம். மெழுகுவர்த்தி மழையில் நிற்கவில்லை. பாஸ்கல்தான் குடையைப் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி ஏற்றினார். அவர் கெட்டவர் இல்லை, கோலின். அது உனக்கும் தெரியும்.

பத்தொன்பதாம் தேதி ஓட்டு. இந்தக் கடிதம் அதற்குள் உன் கைக்கு வருமோ என்னவோ. நீ வர முடியாதா? வந்தால் வாக்குச்சாவடிக்கு நானே கூட்டிப்போவேன், யாருக்கு வேண்டுமானாலும் குத்து. முடியாவிட்டால் தபால் ஓட்டாவது கேட்டு எழுதினாயா? இவ்வளவு பேசுகிற பிள்ளை ஓட்டுப் போடாமல் இருக்கலாமா?

அந்தத் தர்மேந்திரனிடம் ரொம்ப மோதாதே. பாவம், அவனுக்கும் வீட்டில் வேலை இருக்கும்.

குளிருக்குக் காதை மூடிக்கொள்ளச் சொல்லும்
அக்கா


ஷெப்பார்ட்டன்
25 நவம்பர் 2022

அன்பு அக்காவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். மச்சானுக்குத் தொண்டை கட்டியிருக்கும், இஞ்சித் தண்ணி கொடு. யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் போனதில் எங்கள் இருவருக்குமே தோல்விதான்.

நான் ஓட்டுப் போடவில்லை. தபாலிலும் இல்லை.

வாக்குப்பதிவு அன்று காலையிலிருந்து அந்தப் பக்கத்திலேயே கிடந்தேன். நம்மோடு படித்தவர்கள் மைக்கறை விரலைக் காட்டிப் படம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். பின்னால் பள்ளிக்கூட வாசல், பந்தல், ரொட்டிக் கடை. நான் விரலைப் பார்க்கவில்லை அக்கா. பின்னால் தெரிந்த இடத்தைத்தான் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எல்லாரோடும் சண்டை போட்டேன். என் கட்சிக்காரனோடுகூடச் சண்டை. சண்டை போட்டால் யாராவது பதில் சொல்வார்கள். பதில் வந்துகொண்டே இருந்தால், நானும் அந்தப் பந்தலில் ஒரு நாற்காலியில் இருக்கிற மாதிரி.

ஓட்டுப் பெட்டியை மூடும் நேரத்தில் தர்மேந்திரன் தனியாக மெசேஜ் அனுப்பினான். "நீங்க ஓட்டுப் போட்டீங்களா அண்ணே? போஸ்ட்ல அனுப்பினீங்களா?" வேறு யார் கேட்டிருந்தாலும் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். இவனிடம் என்னவோ உண்மையைச் சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாத விஷயம். முதலில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது. முகம் தெரியாதவனிடம் சொல்வது சுலபமாக இருந்தது. உனக்கும் சொல்கிறேன், கொஞ்சம் பொறு.

ரொம்ப நேரம் கழித்து, "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டான். அத்தோடு சரி, ஆளைக் காணோம். ஒரு வாரமாக அந்தக் கார் படத்தைத் தேடுகிறேன்.

கோலின்


புந்தோங்
10 டிசம்பர் 2022

கோலின்,

சுகம் விசாரித்துத் தொடங்க எனக்கு இன்று மனம் வரவில்லை. உட்கார்ந்து படி.

தர்மேந்திரன் நான்தான்.

உன் ஊர் வெள்ளத்தை டிவியில் பார்த்த அன்று உனக்குக் கடிதம் எழுதி முடித்தேன். அது போய்ச் சேர எத்தனை நாள் ஆகுமோ என்று பயமாக இருந்தது. நீ அந்தப் பக்கத்தில் எழுதுவாய் என்று தெரியும். ஆனால் என்னைத் தடுத்துவைத்திருப்பதால் உன் எழுத்து எதுவும் என் கண்ணுக்குத் தெரியாது. கிளினிக்கில் புனிதா எனக்குப் புதுக் கணக்கு திறந்து கொடுத்தாள். பெயர் என்ன போட என்று கேட்டாள், வாயில் வந்ததைச் சொன்னேன். வாசலில் நின்ற காரைப் படம் பிடித்துப் போட்டாள்.

நீ உயிரோடு இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடத்தான் நினைத்தேன். சத்தியமாக. உன் பெயரைப் பார்த்தேன், அன்றைக்குத்தான் ஏதோ எழுதியிருந்தாய். "வெள்ளம் வந்துச்சாமே, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டேன். நீ ஒரு கட்டைவிரலைப் போட்டாய். அம்மா இருந்த காலத்திலும் எனக்கு அதுதான் கிடைக்கும். சாப்பிட்டாயா என்றால் கட்டைவிரல். குளிரா என்றால் கட்டைவிரல்.

அப்புறம் உன் கட்சியைப் பற்றி ஒரு வரி தப்பாக எழுதினேன். உடனே ஒரு பக்கம் வந்தது! படித்துக்கொண்டே போனேன். நீ எப்படி யோசிக்கிறாய், எதற்குக் கோபப்படுகிறாய், நம் தோட்டத்தை விற்றபோது உனக்கு என்ன வலித்தது, எல்லாம் அதில் இருந்தது. மறுபடி பேசவைக்க வேண்டுமானால் மறுபடி மறுக்க வேண்டும். எனக்கு ஏது அரசியல்? சாப்பாட்டு நேரத்தில் உன் மச்சான் வாயைக் கிளறி, அவர் சொன்னதை அப்படியே அடித்தேன். நீ சொன்னதை மறுநாள் அவரிடம் கேட்டேன். ஒரு மாதமாக நீங்கள் இருவரும்தான் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

ஓட்டு அன்று, உன் விசா முடிந்து மூன்று வருஷம் ஆகிறது என்று சொன்னாய். வெளியே போனால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள், தபால் ஓட்டுக்கு முகவரி கொடுக்கக்கூடப் பயம் என்றாய். அம்மாவின் அடக்கப் பூசையைப் பழத்தோட்டத்தில் ஏணிமேல் நின்றுகொண்டு போனில் பார்த்ததைச் சொன்னாய். யாரோ வரவே, பெட்டியை மூடுவதற்கு முன்னால் போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டதைச் சொன்னாய். என்ன எழுதுவேன் அதற்கு? சாப்பிட்டீங்களா என்றுதான் கை அடித்தது. அதற்குமேல் தர்மேந்திரனால் முடியவில்லை.

உன் அனுமதி இல்லாமல் கேட்டுவிட்டேன். பாஸ்கலிடம் எதையும் சொல்லவில்லை. நீ சொல்கிறவரை சொல்ல மாட்டேன்.

ஜெனட்


புந்தோங்
16 ஜனவரி 2023

தம்பிக்கு,

கிறிஸ்மஸ் கழிந்தது. பமேலா பிள்ளைகளோடு வந்திருந்தாள். நீ இருந்தால் அவளை ஒரு பிடி பிடித்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நான் உன் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, அந்தக் கணக்கை அப்புறம் திறக்கவே இல்லை.

திட்டியாவது எழுது.

அக்கா


ஷெப்பார்ட்டன்
20 பிப்ரவரி 2023

அக்காவுக்கு,

பழம் பறிக்கிற காலம். கையெல்லாம் கீறல். உடம்புக்கு வேறு குறை இல்லை. நீயும் மச்சானும் நலமா?

உன் டிசம்பர் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டேன். நான் கதவைச் சாத்தியிருந்தேன். நீ வேறு ஆள் குரலில் கூப்பிட்டுத் திறக்க வைத்துவிட்டாய். உனக்குப் பதிலே எழுதக்கூடாது என்றிருந்தேன்.

ஆனால் என்ன நடந்தது தெரியுமா? மத்தியானம் மரத்தடியில் சோற்றுப் பெட்டியைத் திறந்ததும் இன்னொரு கை போனை எடுக்கிறது. தர்மேந்திரன் என்ன சொல்லியிருப்பான் என்று பார்க்கப் போகிறது. அப்படி ஒருத்தன் இல்லை என்று தெரிந்த பிறகும் தேடுகிறது. உன்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அதுதான் அக்கா. பொய்யாக வந்தது குற்றமில்லை, சொல்லாமல் போய்விட்டானே என்றுதான் ஆத்திரம்.

இங்கே ஒரே வீட்டில் ஒன்பது பேர் இருக்கிறோம். எல்லாரும் என்னை மாதிரித்தான். யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. கேட்டால் நம்மையும் கேட்பார்கள். ஊர் அரசியல் என்றால் மட்டும் வாய் திறக்கலாம், அதில் யாரும் விசாவைக் கேட்பதில்லை. நான் நாட்டைத் திருத்த வரவில்லை. எனக்கும் அந்த ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது என்று காட்டிக்கொள்ள வந்தேன். மச்சான் அந்த ஒரு வரியில் அதைப் பிடுங்கிவிட்டார். அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் மறுத்திருப்பேன்.

ஏணிமேல் நின்றது உனக்குத் தெரியும். அதற்கப்புறம் நடந்தது தர்மேந்திரனுக்கும் தெரியாது. சூப்பர்வைசர் போன பிறகு போனை எடுத்துப் பார்த்தேன். எல்லாரும் கலைந்துவிட்டார்கள். காமிரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் ஒருத்தர் மட்டும் குழியின் பக்கத்தில் நின்றார். யாருக்கும் தெரியாது என்று நினைத்து, ஒரு பிடி மண்ணை எடுத்து, "இது கோலினோடது அத்தே" என்று சொல்லிப் போட்டார். அந்தக் கையேதான் அந்த வரியையும் அடித்தது என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் கூப்பிடாதே, எழுது. போனில் என்றால் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்று இருவரும் வைத்துவிடுவோம்.

கோலின்


புந்தோங்
7 மார்ச் 2023

என் கோலினுக்கு,

கடவுளின் கருணையால் எல்லாரும் சுகம். நீ கீறலுக்கு மஞ்சள் பூசு, அங்கே கிடைக்குமல்லவா?

நீ சொன்னபடி உன் மச்சானிடம் எல்லாம் சொன்னேன். பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்க்குழாய் ஓடிக்கொண்டே இருக்க, வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். "மூனு வருஷமாவா?" என்றார். "நான் இதத் தெரியாம..." என்றார். குழாயை நான்தான் போய் மூடினேன்.

சாயந்திரம் தர்மேந்திரன் விஷயத்தையும் சொன்னேன். முதலில் முறைத்தார். பிறகு எழுதியதையெல்லாம் காட்டு என்றார். அந்தப் பக்கத்தில் இன்னும் இருந்ததைப் புனிதா போனிலிருந்து அனுப்பினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். உன் பகுதியை இரண்டு தடவை படித்தார்.

இனி நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். இதுவரை கேட்காமல் இருந்தது தப்பு. வீட்டுக்கு வா, கோலின். அங்கே மறுபடி விடமாட்டார்கள் என்றால் விட வேண்டாம். வேலை கிடைக்கும், கிடைக்காமல் போகட்டும், பார்த்துக்கொள்ளலாம். எனக்குக் கூடப் பிறந்தவன் என்று நீ ஒருத்தன்தான். கார் படத்துக்குப் பின்னால் உட்கார்ந்து உன்னோடு பேசியது போதும்.

கீழே உன் மச்சான் எழுதுகிறாராம். தாளைப் பிடுங்குகிறார்.

அக்கா

மச்சான், பாஸ்கல் எழுதுறேன். ஒங்க அக்கா என் பேச்சத் தப்பாத் தப்பா டைப் பண்ணிருக்கா. சாக்கடை விஷயத்துல நான் சொன்னது வேற, அவ எழுதுனது வேற. நீ அத வச்சி ஜெயிச்சிட்டேன்னு நெனைக்காத. அரிசி விஷயத்துல நீ கேட்டது நாயமான கேள்விதான், அத ஒத்துக்குறேன். மத்தது எதையும் ஒத்துக்க மாட்டேன்லா. நான் குரூப்புல எழுதுன அந்த ஒரு வரிய மட்டும் எங்க வச்சிக் கழுவுறதுன்னு தெரியல. மிச்சத்த நேர்ல வந்து பேசு. ஏர்போட்டுக்கு பஸ் எடுத்துட்டு வாரேன். பள்ளிக்கூட பஸ்தான், சீட்டு சின்னது.


மெல்பர்ன்
2 ஏப்ரல் 2023

அக்காவுக்கும் மச்சானுக்கும்,

இரண்டு பேரும் நலமாக இருக்க வேண்டும். இன்று குருத்து ஞாயிறு. இங்கே ஒரு கோவிலில் பூசை பார்த்துவிட்டு வாசல் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை நானாகவே குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனேன். கையில் விலங்கு போடுவார்கள் என்று நினைத்தேன். கவுண்டர் பெண் ஒரு நம்பரைக் கொடுத்து உட்காரச் சொன்னாள். அப்புறம் ஒரு அதிகாரி வந்து உள்ளே கூட்டிப்போனார். ஊருக்குப் போகும்வரை இருக்கத் தாள் கொடுத்துவிட்டார்கள். மூன்று வருஷத்துக்கு இந்த நாட்டுக்குள் வர முடியாது என்றார் அவர். சரி என்றேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். ஈஸ்டர் கழிந்து இரண்டாவது சனிக்கிழமை மத்தியானம் கோலாலம்பூரில் இறங்குகிறேன்.

பயமாக இருக்கிறது, மறைக்கவில்லை. முதலில் அம்மாவிடம் போக வேண்டும். என்னைத் தனியாக விட வேண்டாம், இரண்டு பேரும் கூட வாருங்கள்.

எல்லாம் எழுதி முடித்த பிறகு அந்த அதிகாரி பேனாவை மூடிவிட்டு, இத்தனை வருஷம் இருந்துவிட்டு இப்போது ஏன் போகிறாய் என்று கேட்டார். கேட்கத் தேவையில்லாத கேள்விதான், சும்மா கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: வீட்டில் ஒரு சண்டை பாதியில் நிற்கிறது சார், எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வருகிறேன்,
கோலின்